நான் கட்டிய கை

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்களை முதலில் எண்ணிச் சொல்லிவிடுகிறேன். கட்டிலில் அத்தான். அவர் பக்கத்தில் என் அக்கா. அக்காவின் இடுப்பில், அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்த அவள் மகள். அத்தானின் தலைக்கட்டை மாற்ற வந்த வைத்தியர். அப்புறம் நான். கொட்டிலில் இரண்டு மாடுகளும் நின்றன, அவை சாட்சி சொல்லாது. வைத்தியர் எழுந்து போனார். எண்ணெய் காய்ச்சித் தருகிறேன், கூட வா என்று அவர் சொன்னதால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்காவும் போனாள். மிச்சம் அத்தானும் நானும். அத்தானுக்கு நினைவில்லை. ஆகவே அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். இந்தக் கணக்கை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், விடை மாறவில்லை.

அத்தான் ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி வைத்துப் பிழைத்தவர். எங்கள் பக்கம் அப்போது தண்டவாளம் போடவில்லை. நெல்லும் வாழைத்தாரும் மாட்டு வண்டியில்தான் ஊர் விட்டு ஊர் போகும். இரண்டு நாள் முந்தி, கார் அறுப்பு நெல்லை ஏற்றிக்கொண்டு ஏரலுக்குப் போகிற வழியில், வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் கடையாணி முறிந்து வலது சக்கரம் தனியே கழன்று ஓடியது. வண்டி சாய்ந்தது. முன்னால் உட்கார்ந்து ஓட்டிய அத்தான் பாலத்துக் கல்லில் தலை மோத விழுந்தார். வலது காதுக்கு மேலே பிளந்துவிட்டது. பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டோம். வைத்தியர் வேண்டாம் என்றார்.

"வண்டியில போட்டுக் குலுக்கிக் கொண்டுபோனா பாதி வழி தாண்ட மாட்டாரு. அசையாம கிடக்கட்டும். தலைக்கட்டை மட்டும் அவுக்க விடாதீங்க. காயத்துல கை பட்டுச்சோ, அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

இதை அவர் அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் கேட்டவன் நான். சின்ன வயதிலிருந்தே எதையாவது நினைத்துப் பயப்படுகிற சுபாவம் எனக்கு. பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்ட நாளில் வாழைத்தோட்டத்துக்குள் போய் ஒளிந்தவன், இன்ஸ்பெக்டர் வந்துபோன பிறகும் பள்ளிக்கூடம் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அப்படிப்பட்டவனிடம், கை பட்டால் ஆள் போய்விடும் என்று சொன்னால் என்ன ஆகும்?

அக்கா வாசலைத் தாண்டியதும் அத்தான் முனக ஆரம்பித்தார். கண் மூடியே இருந்தது. வலது கை மட்டும் எழுந்து எழுந்து தலைக்கட்டைப் பிடித்து இழுத்தது. நான் இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தேன். ஆயுசு முழுக்க மாட்டை அடக்கிய கை, என்னைச் சருகைப் போல உதறிற்று. துணியில் ரத்தம் ஊறுவதைப் பார்த்தேன். கொட்டிலுக்கு ஓடி, ஆணியில் தொங்கிய மாட்டுத் தும்புக் கயிற்றை எடுத்து வந்தேன். அத்தானின் கையைக் கட்டில் சட்டத்துக்கு மேலாக வெளியே தொங்கவிட்டு, மணிக்கட்டைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினேன். கயிறு அறுக்கக் கூடாதே என்று மணிக்கட்டில் என் துண்டைச் சுற்றினேன். அதை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு, அத்தான் அந்தப் பக்கமாகவே சரிந்து அமைதியானார். மேல்கை சட்டத்தின் விளிம்பில் அழுந்திக் கிடந்தது. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். அசையாமல் கிடக்கட்டும் என்றுதானே சொன்னார், எழுப்பினால் மறுபடி கட்டை இழுப்பாரே என்று விட்டுவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கட்டியது. விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவில் பிள்ளையின் அழுகை கேட்டதும் அவிழ்த்து, தும்பைக் கொட்டிலில் எறிந்தேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. உன் அத்தானை மாடு மாதிரி கட்டிப்போட்டாயா என்று அக்கா கேட்பாளே என்ற பயம். அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் அத்தான் கண் விழித்தார். அக்காவை அடையாளம் தெரிந்தது. என்னைக் கொஞ்சம் யோசித்துத்தான் தெரிந்தது. மாடு தண்ணீர் குடித்ததா என்று கேட்டார். குடித்தது என்றோம். திரும்பவும் அதையே கேட்டார். அன்று காலையில் மட்டும் ஏழு தடவை கேட்டார். வெளிச்சம் ஆகவில்லை, சத்தம் ஆகவில்லை. ஏரலுக்குப் புறப்பட்டதும் நினைவில்லை, அந்த வருஷத்து அறுப்பே நினைவில்லை. பைய பைய வரும் என்றார் வைத்தியர். அதேபோல வந்தது. தலை விஷயத்தில் அவர் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை.

கைதான் வரவில்லை. வலது கை மணிக்கட்டிலிருந்து, காற்றில் ஒடிந்த வாழையிலை மாதிரி கீழே தொங்கிற்று. விரலை மடக்குவார், விரிக்க முடியாது. செம்பைப் பிடிக்கப் போனால் விரல் விரியாமல் முட்டிக்கொண்டு நிற்கும். வைத்தியர் இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"தலையில பட்ட அடி கையில இறங்கிட்டு. வாதம். உசிரு தங்குனதே பெருசு. கையை மறந்துருங்க."

நான் அவரிடம் தும்பைப் பற்றிச் சொல்லவில்லை. தெரிந்ததை வைத்துத்தானே ஒருவர் சொல்ல முடியும்?

வலது கை இல்லாத வண்டிக்காரன் என்ன செய்வான்? நான் ஓட்டினேன். ஆனால் பள்ளம் கண்டால் இறங்கி நடப்பேன், பாலம் வந்தால் கடையாணியை மூன்று தடவை தொட்டுப் பார்ப்பேன். மற்றவர்கள் போய்த் திரும்பிவிடுவார்கள், நான் அப்போதுதான் போய்க்கொண்டிருப்பேன். பாரம் அனுப்புகிறவர்கள் வேறு வண்டி பார்த்துக்கொண்டார்கள். மாட்டையும் வண்டியையும் விற்றுவிடுவது என்று அக்கா முடிவு கட்டினாள். ராதாபுரத்திலிருந்து ஒருவர் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, விலையும் பேசினார். புது லாடம் அடித்து வையுங்கள், வந்து ஓட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார். அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

லாடம் அடிக்க எங்களுக்கு எப்போதும் வருகிற ராவுத்தர்தான் வந்தார். வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு அத்தானை உட்கார வைத்திருந்தோம். ராவுத்தர் தரையைக் கூட்டச் சொல்லி, வைக்கோல் கேட்டார். ஒரு கட்டுப் போட்டேன். போதாது என்றார்.

"தோள்பட்டைக்கு அடியில மெத்தையா இருக்கணும் தம்பி. இன்னும் போடும்."

"என்ன ராவுத்தரே, மாட்டுக்கு மறுவீட்டு விருந்தா?" என்றார் அத்தான் கட்டிலிலிருந்து. விழுந்த பிறகு அவர் சொன்ன முதல் கேலி அது.

"சிரியும் வே. இதுக்கு நான் பட்டது எனக்குத் தெரியும். தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு காளையைக் கல்லாந்தரையில சாய்ச்சு, காலைச் சேத்துக் கட்டிட்டு வெத்தலை போட உக்காந்துட்டேன். பேச்சுல நேரம் போயிட்டு. அவுத்து எழுப்புனா, முன்னங்கால் மடங்கிப் போச்சு. குளம்பை எடுத்து முன்னால வைக்கத் தெரியல அதுக்கு. குளம்போட மேல்பக்கத்தால தரையைத் தேய்ச்சுக்கிட்டுப் போகுது. மாட்டுக்காரன் என்னை வெட்ட வந்துட்டான். நாப்பது நாள் அவன் கொட்டில்லயே கிடந்தேன். நாப்பத்தோராம் நாள் ஒண்ணும் நடக்காத மாதிரி ஏருக்குப் போச்சு."

இரண்டாவது மாட்டைச் சாய்த்து முதல் லாடத்தை வைக்கும்போது அவர் பார்வை அத்தானின் கையில் விழுந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். தொங்கிய மணிக்கட்டைத் தன் உள்ளங்கையால் தாங்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையின் விரலைக் கொடுத்தார்.

"பிடியும் பாப்போம்."

அத்தான் பிடித்தார். ராவுத்தர் முகம் சுளித்தது.

"யம்மாடி, விடும் வே. இந்தப் பிடி பிடிக்கீரு, இதுவா செத்த கை?" பிறகு மேல்கையில் வெளிப்பக்கமாகத் தடவிக்கொண்டே கேட்டார். "இந்தக் கையை எங்கயாவது கட்டிப் போட்டீங்களா?"

"என்னைக் கட்டிப்போட நான் என்ன மாடா?" என்றார் அத்தான்.

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி," என்றாள் அக்கா. "தலையில இருந்து இறங்குன வாதம். வைத்தியரே சொல்லிட்டாரு."

மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். ராவுத்தர் என்னையும் ஒரு பார்வை பார்த்தார். நான் குனிந்து கொம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"கட்டலைன்னா எனக்குத் தெரியல தாயி. தலை சமாச்சாரம் வைத்தியருக்குத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்தார்.

வேலை முடிந்தது. பழைய பாக்கியும் சேர்த்து ஒரு ரூபாய் ஆறணா ஆயிற்று. மாடு விற்றதும் தந்துவிடுகிறேன் என்றாள் அக்கா. ராவுத்தர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வைக்கோலை அள்ளிப் போட்டேன். மாட்டைக் கொட்டிலில் கட்டினேன். கட்டும்போது ஆணியில் அந்தத் தும்பு தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. ஓடினேன்.

வாய்க்கால் படியில் ராவுத்தர் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு சுற்றியதைக்கூடச் சொன்னேன்.

"எவ்வளவு நேரம்?"

"சோத்துக்கு முன்னால இருந்து விளக்கு வைக்குற வரைக்கும்."

"எங்கன அழுந்துச்சு?"

என் மேல்கையில் தொட்டுக் காட்டினேன். அவர் ஈரக் கையை உதறிக்கொண்டே இருந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இதைச் சொல்லவா வே மூஞ்சியை இப்படி வச்சிருக்கீரு? நீரு கட்டுனதால வந்ததா இருந்தாத்தான் அந்தக் கைக்கு வழி. தலையில இருந்து வந்ததுன்னா நான் என்ன செய்ய முடியும்? மாட்டுக்கு நடந்ததை வச்சுத்தான் சொல்லுதேன். மனுசனுக்கு அல்லா என்ன வச்சிருக்கானோ. வாரும், வீட்டுல போய்ச் சொல்லுவோம்."

இத்தனை நாளும், என்னால் ஆகியிருக்கக் கூடாது சாமி என்று கும்பிட்டுக்கொண்டிருந்தவன் நான். வாய்க்கால் கரையிலிருந்து வீடு போய்ச் சேருகிற வரைக்கும், என்னாலேயே ஆகியிருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு போனேன்.

அக்கா கையில் விளக்குமாறு இருந்தது. நான் சொல்லச் சொல்ல அது உயர்ந்தது. முதுகில் இரண்டு விழுந்தது. மூன்றாவதுக்கு ஓங்கியவள், ராவுத்தர் சொன்ன பேச்சு காதில் விழுந்ததும் அப்படியே நின்றாள்.

"நெசமா நீதான் கட்டுனியாலே?"

"ஆமா."

"என் மேல சத்தியமா?"

"சத்தியமா."

"பயத்துல எதையாவது உளறுதியா? நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ கட்டலையோ?"

"கட்டினேன் அக்கா, கட்டினேன்."

அப்போதும் அவள் நம்பவில்லை. என்னையே கட்டிலில் படுக்கச் சொல்லி, தும்பை எடுத்து வந்து, நான் சொன்னபடி என் கையைக் கட்டிப் பார்த்தாள். சட்டத்தின் விளிம்பு எந்த இடத்தில் அழுந்துகிறது என்று ராவுத்தர் குனிந்து பார்த்தார். தலையை ஆட்டினார். அக்கா உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. என்னை அவிழ்த்துவிட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு விரல் நுனி மரத்துப்போனது.

அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"ஏலே மாப்ள. மாட்டைச் சாய்க்கவே வைக்கோல் போடுதாரு. எனக்கு ஒரு தலகாணி போட்டியா நீ?"

ராவுத்தர் ஒரு காய்ந்த பனைமட்டையைச் சீவி, முழங்கைக்குக் கீழேயிருந்து உள்ளங்கை வரை வருகிற மாதிரி தேய்த்து வழவழப்பாக்கினார். கை தொங்கியே கிடந்தால் நரம்பு எழும்பினாலும் சதை எழும்பாது, தூக்கினபடி இருக்கட்டும் என்றார். மட்டையை வைத்துத் துணி சுற்ற வேண்டும். அக்கா துணியை என்னிடம் நீட்டினாள்.

"நான் மாட்டேன் அக்கா."

"நீதான்லே கட்டணும். வேற யாருக்கு அந்தக் கையில எது எங்கன இருக்குன்னு தெரியும்?"

கட்டினேன். தளர்வாக இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா என்று அத்தானிடம் பத்துத் தடவை கேட்டேன். பதினோராவது தடவை இடது கையால் குட்டினார்.

கூலிக்கு ராவுத்தர் ஒரு பேச்சுப் போட்டார். "அந்த ஒரு ரூபாய் ஆறணாவைத் தங்கச்சி கையில இருந்தும் வாங்க மாட்டேன், இந்தத் தம்பி கையில இருந்தும் வாங்க மாட்டேன். வண்டிக்காரரே, நீரே வலது கையில காசை எடுத்து, விரலை விரிச்சு என் கையில போடணும். பிடிக்கத்தான் உமக்கு வருதே. விடக் கத்துக்கிடும்."

வைத்தியரிடமும் போய்ச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா கையை மறந்துருங்கன்னு என் வாயால சொல்லியிருப்பேனா?" என்று மட்டும் கேட்டார். கைக்குத் தடவ ஓர் எண்ணெய் கொடுத்தார். மாட்டை ஓட்ட இப்போது வர வேண்டாம் என்று ராதாபுரத்துக்காரருக்குச் சொல்லியனுப்பினோம். தை பிறந்து வருகிறேன், ஆனால் அப்போது இந்த விலை நிற்காது என்று பதில் வந்தது.

நாற்பது நாளையும் கொட்டில் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணினேன். தினம் காலையில் மட்டையை அவிழ்த்து, எண்ணெய் போட்டு, அக்கா மணிக்கட்டைத் தூக்கித் தூக்கி விடுவாள். அத்தான் தானாகத் தூக்க முயன்று பல்லைக் கடிப்பார். நாற்பதாம் நாளும் கை தொங்கிற்று. நாற்பத்தொன்று, ஐம்பது. ராவுத்தரைத் தேடிப் போனேன். மாட்டுக்கு உள்ளது ஒரு குளம்பு, மனுசன் கைக்கு எத்தனை வேலை, நாள் எடுக்கும் என்றார். அறுபதுக்கு மேல் கோடு போட எனக்குத் தைரியம் வரவில்லை. அத்தானுக்குத் தலைவலி குறைந்து, ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வர ஆரம்பித்தார். "பள்ளம் கிடக்கட்டும்லே, ஓட்டு. பாலம் கிடக்கட்டும், ஓட்டு." அவர் சொல்லச் சொல்ல, நான் கொஞ்சம் வேகமாகப் போகக் கற்றுக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து ராதாபுரத்துக்காரர் கையில் கயிற்றோடு வந்து நின்றார். அத்தான் எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்த நேரம், மட்டை கையில் இல்லை. வந்தவர் மாட்டைச் சுற்றி வந்து, பேசின விலையில் பாதிக்கும் கொஞ்சம் மேலே சொன்னார். நோயாளி வீட்டு மாடு, தீனி பத்தவில்லை, விலா தெரிகிறது என்றார். விழுந்ததிலிருந்து அத்தானுக்குக் கோபம் சட்டென்று வரும்.

"என் மாட்டுக்கா தீனி பத்தல? போம்வே அங்கிட்டு!" என்று வலது கையை வீசினார்.

மணிக்கட்டு எழுந்தது. இரண்டு விரற்கடை. எழுந்து விழுந்துவிட்டது. அத்தான் பார்க்கவில்லை, அக்கா பார்க்கவில்லை. அந்தக் கையைத் தவிர வேறெதையும் மாசக்கணக்கில் பார்க்காதவன் நான் பார்த்தேன்.

"அத்தான்! இன்னொரு தடவை விரட்டுங்க!"

"யாரைலே?"

"இவரைத்தான்! கையை வீசி விரட்டுங்க!"

"போம்வே!" என்றார் அத்தான். கை எழுந்தது. இந்தத் தடவை அக்காவும் பார்த்தாள். கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணம் கீழே விழுந்தது.

ராதாபுரத்துக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தானுக்கு எதிரே வந்து நின்றார்.

"எங்க, இன்னொருக்கா விரட்டும், நானும் பாக்கேன்."

ஐந்தாறு தடவை விரட்டு வாங்கிக்கொண்டார். பிறகு, இந்த மாட்டை விற்காதீர்கள் என்று அவரே சொல்லி, அக்கா கொடுத்த வாழைப்பழச் சீப்போடு வெறுங்கயிறாகத் திரும்பிப் போனார்.

அதற்கப்புறம் நான் சுவரில் கோடு போடவில்லை. மாசி முடியும்போது மணிக்கட்டு தொங்காமல் நின்றது. விரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. அடுத்த லாடத்துக்கு ராவுத்தர் வந்தபோது அத்தான் காலணா ஒன்றைப் பிடித்துக் கையை நீட்டினார். விரல்கள் நடுங்கின. காசு ஒட்டிக்கொண்டு நின்றது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு விரல்கள் விரிய, காசு ராவுத்தர் உள்ளங்கையில் விழுந்தது. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதிலிருந்து வருகிறபோதெல்லாம் அத்தான் ஓரணா, அரையணா, காலணாவாகப் போட்டு வந்தார். மறு கார் அறுப்புக்கு அவரே வண்டியில் ஏறி, வலது கையில் கயிற்றைப் பிடித்து ஏரலுக்கு ஓட்டினார். நான் பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்து கடையாணியைப் பார்த்துக்கொண்டே போனேன்.

கட்டைவிரல் மட்டும் இன்றைக்கும் ஒரு நெல் அளவு சாய்ந்தேதான் நிற்கிறது. வருஷம் சில ஆகிவிட்டது. அதுவும் நிமிரட்டும், மீதியை அப்போது வாங்கிக்கொள்கிறேன் என்று ராவுத்தர் கையை நீட்ட மறுக்கிறார். இது போதும், நிமிர்ந்துதான் இருக்கிறது என்று அத்தான் சண்டை பிடிக்கிறார். போன மாதம் வந்தபோதும் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் இதற்காக ஒரு பொழுது பேசினார்கள். அத்தான் விரலை நிமிர்த்திக் காட்டினார். ராவுத்தர் ஒரு கண்ணை மூடி அளந்து பார்த்தார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். முன்னைக்கு இப்போது கொஞ்சம் நிமிர்ந்திருப்பதாகத்தான் எனக்குத் தெரிகிறது. பாக்கி மூன்றணா.